சர்வோவின் ரீங்காரம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் சொந்தமாக சிஎன்சி இயந்திரம் கட்டுபவர்களுக்குப் புடுவிலுள்ள ஜாலான் பசார்தான் புகலிடம். மின்னணு உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த தெரு. எனக்குப் பிடித்த கட்டமோ அங்கே வாங்கியதையெல்லாம் மாட்டி முடித்த பிறகு வருவது: சர்வோ மோட்டாரை டியூன் செய்வது.

மோட்டாரின் கட்டுப்பாட்டுக்கு 'பி', 'ஐ', 'டி' என மூன்று எண்கள். முதலில் 'பி' எண்ணை மெல்ல ஏற்றுவார்கள். ஓர் அளவைத் தாண்டினால் மோட்டார் நின்ற இடத்திலேயே ரீங்கரிக்கும். சற்று இறக்கி, 'டி'யைக் கூட்டினால் நடுக்கம் அடங்கும். 'ஐ' கடைசியில்தான், மிச்சமிருக்கும் சிறு பிழையை அது தீர்க்கும். மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று சொல்வது என்கோடர். 1000 கோடுள்ள என்கோடர், கோட்டுக்கு நான்காக, சுற்றுக்கு 4000 துடிப்பு தரும். 5 மில்லிமீட்டர் புரியிடைவெளியுள்ள பால்ஸ்குரூவை நேரடியாகச் சுழற்றினால், துடிப்புக்கு 1.25 மைக்ரான் நகர்வு! என்ன நுட்பம்!

ஆனால் கைதேர்ந்தவர்கள் எடுத்ததும் எண்களைத் தொடமாட்டார்கள். மோட்டாரை பால்ஸ்குரூவோடு இணைக்கும் கப்ளிங்கின் திருகு தளர்ந்திருக்கிறதா, என்கோடர் ஒயர் மோட்டார் ஒயரோடு ஒட்டிப் போகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பல கோளாறுகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.