தடித்த ஸ்ட்ரிங், அதே சுருதி

பேஸ் கிட்டார் வாசிப்பவர்களில் பலர் தடித்த ஸ்ட்ரிங்கைத் தேடிப் போவது ஒரே காரணத்துக்காக: இ ஸ்ட்ரிங் தொளதொளவென்று இருக்கிறது. கொஞ்சம் ஓங்கி மீட்டினால் ஃப்ரெட்டில் மோதிக் கடகடக்கிறது. சுரம் பிறக்கும்போது சற்று ஏறி நின்று, பிறகுதான் தன் இடத்துக்கு வருகிறது. 45-65-85-105 என்ற வழக்கமான செட்டைக் கழற்றிவிட்டு 50-70-90-110 மாட்டினால் இது தீருமா? அதுவும் சுருதியைக் கீழே இறக்காமல், இ-ஏ-டி-ஜி என்ற அதே ட்யூனிங்கில்? இதைத் தெரிந்துகொள்ள, ஒரே தயாரிப்பாளரின் இரண்டு செட்டுகளை ஒரே பேஸில் மாற்றி மாற்றிப் போட்டு வாசித்தேன். இரண்டும் நிக்கல் பூசிய ரவுண்ட்வவுண்ட். தடிமன் மட்டுமே வேறு. பேஸ் பிரெசிஷன் வகை, 34 அங்குல ஸ்கேல்.

தீரும். ஆனால் அதற்கான விலையை இ ஸ்ட்ரிங் கொடுப்பதில்லை, ஜி ஸ்ட்ரிங் கொடுக்கிறது.

செட்டின் அட்டையில் இருக்கும் எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிப்பவை. 105 என்றால் 2.67 மி.மீ., 110 என்றால் 2.79 மி.மீ. நீளமும் சுருதியும் மாறாதபோது, ஸ்ட்ரிங்கின் எடை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இழுவிசையும் கூடும். எடையோ ஏறக்குறைய தடிமனின் வர்க்கத்தோடு கூடுவது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். எல்லா ஸ்ட்ரிங்கிலும் அதே 5 புள்ளிதான் கூடியிருக்கிறது. ஆனால் 105லிருந்து 110க்குப் போன இ ஸ்ட்ரிங்கில் இழுவிசை சுமார் 10 சதவீதமும், 45லிருந்து 50க்குப் போன ஜி ஸ்ட்ரிங்கில் 23 சதவீதமும் ஏறுகின்றன. ஏ ஸ்ட்ரிங்கில் 12, டி ஸ்ட்ரிங்கில் 16. இறுக்கம் எங்கே வேண்டுமென்று வாங்கினோமோ அங்கே மிகக் குறைவாகவும், குறையே இல்லாத இடத்தில் மிக அதிகமாகவும் வந்து சேர்கிறது.

இதை உணர்ந்து பார்க்கப் புது செட் வாங்க வேண்டியதில்லை. இப்போது மாட்டியிருக்கும் இ ஸ்ட்ரிங்கை எஃப் சுரத்துக்குச் சற்றுக் கீழே வரை முறுக்குங்கள். 110 தரும் இறுக்கம் அதுதான். ஜி ஸ்ட்ரிங்கை ஏ சுரத்துக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றுங்கள். 50 அப்படித்தான் இருக்கும். முதலாவது விரலுக்கு இதமாக இருக்கிறது. இரண்டாவதில் கமகம் போல ஒரு சுரத்தை இழுத்துப் பாருங்கள், வித்தியாசம் மணிக்கட்டு வரை தெரியும். கடைக்குப் போகும் முன் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன். பார்த்ததும் சுருதியை உடனே இறக்கிவிடுங்கள்.

நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து வழக்கமான செட்டில் நெக்கை இழுக்கும் விசை 80 கிலோ அளவுக்கு இருக்கும். தடித்த செட் அதற்கு மேல் சுமார் 12 கிலோ கூட்டுகிறது. ஸ்டீல் ட்ரஸ் ராட் உள்ள நல்ல நெக் இதைத் தாங்கும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் சும்மா தாங்காது, முன்னோக்கி வளையும். மாட்டிய அன்றே ஆக்‌ஷன் உயர்ந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு "தடித்த ஸ்ட்ரிங் என்றால் கை வலிக்கும்" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் வலித்தது பாதி ஸ்ட்ரிங், பாதி சரிசெய்யாத நெக்.

சரிசெய்யும் வழி இது. ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். 0.3 முதல் 0.35 மி.மீ. இருந்தால் போதும், ஒரு விசிட்டிங் கார்டின் கனம். அதைவிட அதிகமென்றால் ட்ரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் திருப்பு மட்டும் திருப்பி, மறுபடி ட்யூன் செய்து, மறுபடி அளக்க வேண்டும். முரண்டு பிடித்தால் ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிட்டுத் திருப்புங்கள், பலம் கொண்டு திருகாதீர்கள். மரம் உடனே அடங்கிவிடாது. சில நாள் கழித்து இன்னொரு முறை அளப்பது நல்லது. ஈரக்காற்று மாறிக்கொண்டே இருக்கும் கடலோர ஊர்களில் இது இன்னும் அவசியம்.

நட் என்பது பலரும் மறக்கிற இடம். 105க்காக வெட்டிய பள்ளத்தில் 110 அடிவரை இறங்காமல் மேலேயே தொற்றி நிற்கும். அதற்கு இரண்டு அடையாளங்கள். முதல் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் சற்று ஏறிக் கேட்கும். ட்யூனரைத் திருகும்போது சுருதி சீராக ஏறாமல், "டிக்" என்ற சத்தத்தோடு தாவும். பள்ளத்தை அகலப்படுத்தத்தான் வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. நட் அரம் இல்லாதவர்கள் பழைய ஸ்ட்ரிங் துண்டின் மேல் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்கலாம். கை நடுங்குமென்றால் லூத்தியரிடம் கொடுத்துவிடுங்கள், சிறிய வேலை. கடைசியாகப் பிரிட்ஜ். தடித்த ஸ்ட்ரிங்குக்கு விறைப்பு அதிகம். அதனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சுரம் ஹார்மோனிக்கைவிட ஏறி ஒலிக்கும், சேடிலைப் பின்னால் நகர்த்த வேண்டிவரும். இ சேடில் ஏற்கெனவே பின்கோடியில் இருக்கும் பேஸ்களில் சேடிலின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டினால்தான் இடம் கிடைக்கும்.

இத்தனையும் செய்து முடித்த பிறகுதான் ஒலியைப் பற்றிப் பேசுவது நியாயம்.

இ ஸ்ட்ரிங் மாறிவிட்டது. அதே விசையில் மீட்டினாலும் ஸ்ட்ரிங் குறைவாகவே அலைகிறது. ஃப்ரெட்டில் மோதுவது பெருமளவு நின்றது. அதனால் ஆக்‌ஷனை முன்பைவிடச் சற்றுத் தாழ்த்திக்கொள்ள முடிந்தது. கீழ் ஸ்தாயியில் வேகமாக எட்டுக்கு எட்டாக ஓடும் வரிகளில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுகிறது. டிரம்ஸின் கிக்கோடு சேர்ந்து வாசிக்கும்போது சுரத்தின் தொடக்கம் தெளிவாக இருப்பது பெரிய வரம். அடிப்படைச் சுரம் கனக்கிறது, மேல் ஓசைகள் மங்குகின்றன. ஆம்பில் ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. பியானோ போல் கணீரென்று ஒலிக்கும் புது ரவுண்ட்வவுண்டின் பளபளப்பை விரும்புகிறவர்களுக்கு இது பிடிக்காது.

ஏ ஸ்ட்ரிங்கில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. டி சற்று விறைப்பு. ஜி ஸ்ட்ரிங்தான் எனக்கு ஒத்துவரவே இல்லை. ஒலி தடித்துக் குண்டாக இருக்கிறது, அது நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் விரலுக்கு வளைந்து கொடுக்க மறுக்கிறது. ஸ்லாப் வாசிப்பில் ஸ்ட்ரிங்கைக் கொக்கி போட்டு இழுத்து விடும் 'பாப்' கனத்துவிட்டது. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் பின்னால் நின்று தாளம் போடுவதோடு நிற்காது. மேலே ஏறிப் போய்க் குரலோடு இன்னொரு குரலாகப் பாடும். அந்த மாதிரி வரிகளை ஜி ஸ்ட்ரிங்கில் நெகிழ்த்திப் பாட வைக்க 50 இடம் கொடுக்கவில்லை. வழுக்கிச் செல்லும் ஜாருவுக்குத் தடையில்லை, அசைத்து இழுக்கும் கமகத்துக்கு மட்டும்தான் தடை. மூன்று நான்கு மணி நேரம் நீளும் மெல்லிசைக் கச்சேரியில் இடது கையின் சுண்டுவிரல்தான் முதலில் முறையிடும்.

அப்படியானால் தடித்த செட்டை வழக்கமான ட்யூனிங்கில் போட்டு வாசித்த மேதைகள்? இருக்கிறார்கள். மோட்டவுன் ஒலிப்பதிவுகளின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரெசிஷன் பேஸில் போட்டது 52 முதல் 110 வரையான லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் பெயரில் ரோட்டோசவுண்ட் விற்கும் ஃப்ளாட்வவுண்ட் செட் 50-75-95-110. ஹாரிஸின் குதிரைப் பாய்ச்சல் வாசிப்பில் ஒவ்வொரு தட்டும் பிரிந்து கேட்பதற்கு அந்த இறுக்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆனால் இவர்கள் இருவர் கையிலும் ஜி ஸ்ட்ரிங் வளைந்து பாட வேண்டியதில்லை. விரலும் ஃப்ரெட்டும் போதும். பில்லி ஷீஹன் வேறு வழி போனவர். இழுப்பு, தட்டல், வேகம் எல்லாம் கலந்த அவருடைய வாசிப்புக்காக ரோட்டோசவுண்ட் செய்யும் செட் 43-65-80-110. மேலே மெல்லியது, கீழே மட்டும் தடித்தது. எனக்கு இதுதான் சரியான விடையாகப் படுகிறது. டாடாரியோவின் சமன் செய்யப்பட்ட இழுவிசை செட்டும் இதே பாதையில் வந்ததுதான்: 45-60-80-107. ஜி ஸ்ட்ரிங்கை 45லேயே விட்டு, டியை மெலிதாக்கி, இயை ஏற்றியிருக்கிறார்கள்.

அட்டையில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நடுவில் இருக்கும் கோர் கம்பி அறுகோணமா வட்டமா, எவ்வளவு தடிமன், மேலே எந்த உலோகத்தை எப்படிச் சுற்றியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே எண்ணுள்ள இரண்டு ஸ்ட்ரிங்குகள் கையில் வேறு வேறாக இருக்கும். தோமாஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸில் இ ஸ்ட்ரிங் 100தான். அந்த செட் மிருதுவானது என்று பெயர் வாங்கியது. பல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் இழுவிசை அட்டவணை வெளியிடுகிறார்கள். தடிமனைவிட அதைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

முழு தடித்த செட் யாருக்கு? 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். அந்த நீளத்தில் அதே ஸ்ட்ரிங்கின் இழுவிசை 22 சதவீதம் குறைந்துவிடும். தடித்த செட் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. பாடகருக்காக அடிக்கடி அரைச் சுரம் இறக்கி வாசிப்பவர்களுக்கும் பொருந்தும், இறக்கும்போது 11 சதவீதம் குறைவதால். பிக் வைத்து ஓங்கி வாசிப்பவர்களும் எடுத்துக்கொள்ளலாம். 34 அங்குல பேஸில் விரலால் வாசித்து, மேல் ஸ்தாயியில் பாடவும் ஆசைப்படுகிறவர் என்றால் வேண்டாம். வழக்கமான செட்டோடு ஒரு தனி 110 இ ஸ்ட்ரிங் வாங்கினால் காரியம் முடிந்துவிடும்.

என் பேஸில் இப்போது இருப்பது 45-65-85-110. தனி ஸ்ட்ரிங் வாங்கும்போது மற்ற மூன்றின் அதே உலோகமா, அதே சுற்றா, லாங் ஸ்கேல்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் இ மட்டும் வேறு வாத்தியம் போல ஒலிக்கும். மாட்டும்போது ட்யூனர் முளையில் இரண்டு மூன்று சுற்று வருமளவு விட்டு, முதலில் மடக்கி, பிறகு வெட்டுங்கள். வெட்டிவிட்டு மடக்கினால் மேல்சுற்று நழுவி ஸ்ட்ரிங் செத்துப்போகும் அபாயம் உண்டு. 110ஐத் தாண்டி 120க்குப் போக நினைப்பவர்கள் ட்யூனர் முளையிலும் பிரிட்ஜ் துளையிலும் அது நுழையுமா என்று வாங்குவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும்.