ஸ்மால்கேப் ஃபண்ட் மேனேஜரின் கைவண்ணம்: எப்படி ரசிப்பது?

ஒரு ஸ்மால்கேப் ஃபண்டின் ஓராண்டு லாபத்தை மட்டும் பார்ப்பது, ஸ்கோரை மட்டும் கேட்டுவிட்டு கிரிக்கெட் பார்த்ததாகச் சொல்வது மாதிரி. சந்தை ஏறினால் பெரும்பாலான சிறு பங்குகளும் ஏறும். மேனேஜரின் திறமை மாதாமாதம் வெளியாகும் போர்ட்ஃபோலியோ பட்டியலில் இருக்கிறது. அதை வாசிக்கப் பழகினால் நல்ல ரசனையும் வரும், நம் பணமும் பிழைக்கும்.

முதலில் களம். செபி விதிப்படி, சந்தை மதிப்பு வரிசையில் 251-வது இடத்திலிருந்து வருபவை எல்லாம் ஸ்மால்கேப். ஃபண்டின் பணத்தில் 65 சதவிகிதமாவது இவற்றில் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் இருந்தாலும், பல ஃபண்டுகளில் ஒவ்வொன்றிலும் இடம்பிடிப்பவை நூறைக்கூடத் தாண்டாது.

ஆகவே, இந்த வேலையில் பெரும்பகுதி கழித்துக்கட்டுவதுதான். புரமோட்டர் தன் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறாரா? லாபம் ஏறுகிறது, ஆனால் வாடிக்கையாளரிடமிருந்து பணம் வராமல் நிலுவை வீங்குகிறதா? குடும்ப நிறுவனங்களோடு கொடுக்கல் வாங்கல் அதிகமா? ஆடிட்டர் பாதியில் விலகினாரா? ஒரு கேள்வி உறுத்தினாலும் நல்ல மேனேஜர் நகர்ந்துவிடுவார். சந்தையே கொண்டாடும் ஒரு பங்கு அவர் பட்டியலில் இல்லையென்றால், அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டி ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து வளர்ச்சியும் விலையும். 1977 முதல் 1990 வரை அமெரிக்காவின் ஃபிடிலிட்டி மெகல்லன் ஃபண்டை நடத்தி, ஆண்டுக்குச் சராசரியாக 29 சதவிகித வருமானம் காட்டியவர் பீட்டர் லிஞ்ச். பங்கு விலை, ஒரு பங்குக்கான லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதே பி.இ. விகிதம். அதை லாப வளர்ச்சியோடு ஒப்பிடுவது அவர் வழக்கம். ஆண்டுக்கு 20 சதவிகிதம் வளரும் நிறுவனம் 20 பி.இ.யில் கிடைத்தால் நியாயம், 40 பி.இ. என்றால் யோசிக்க வேண்டும். அனலிஸ்ட்டுகள் எட்டிப் பார்க்காத, கேட்டாலே கொட்டாவி வரும் தொழில்கள் அவருக்குப் பிடிக்கும். பரபரப்பான துறைக்குப் போட்டியாளர்கள் ஓடி வருவார்கள். மந்தமான துறையில் நன்றாக நடக்கும் நிறுவனத்தை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

இனி உங்கள் முறை. ஒரே ஃபண்டின் பட்டியலை ஆறு மாத இடைவெளிகளில் எடுத்து, மூன்று வருடங்களுக்கு அடுக்குங்கள். ஃபண்டில் ஒரு நிறுவனத்தின் சதவிகிதத்தோடு நின்றுவிடாமல், வைத்திருக்கும் அதன் பங்குகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். விலை விழுந்த காலத்தில் எண்ணிக்கை கூடியிருந்தால், மேனேஜருக்குத் தன் தேர்வில் நம்பிக்கை இருந்திருக்கிறது. எண்ணிக்கை மாறாமல் சதவிகிதம் மட்டும் ஏறியிருந்தால், அவர் பொறுமையாகக் காத்திருக்கிறார். ஒவ்வொரு பட்டியலிலும் புதுப் புதுப் பெயர்கள் என்றால், அவர் சந்தைக்குப் பின்னால் ஓடுகிறார்.

கடைசியாக, வெளியேறும் வழி. சிறு பங்குகளை வாங்குவதைவிட விற்பது கடினம். மொத்தமாக விற்றால் விலை சரிந்துவிடும். போர்ட்ஃபோலியோவில் 25 சதவிகிதத்தையும் 50 சதவிகிதத்தையும் விற்க எத்தனை நாட்களாகும் என்ற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் கணக்கை 2024 மார்ச் முதல் ஃபண்டுகள் வெளியிடுகின்றன. ஃபண்டின் அளவு பெருகப் பெருக இந்த நாட்களும் கூடும். சில ஃபண்டுகள் ஒரே தவணையில் போடும் மொத்த முதலீட்டை ஏற்பதை அவ்வப்போது நிறுத்திவைப்பதன் காரணம் இதுதான். குவியும் பணத்துக்குப் ‘போதும்’ என்று சொல்லத் தெரிந்த மேனேஜருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போடுங்கள்.