ஓவியப் பயிற்சியும் இரண்டாம் மொழிக் கற்றலும்: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மொழி கற்பித்தலில் படம் பயன்படுவது புதிதன்று. அரிச்சுவடி தொடங்கி அயலார்க்குரிய பயிற்றுநூல்கள் வரை படமில்லாத பாடநூலைக் காண்பது இன்று அரிது. ஆயினும் அப்படங்களை வரைந்தவர் நூலாசிரியரால் அமர்த்தப்பட்ட ஓவியரே, மாணவர் அல்லர். மாணவர் அவற்றைப் பார்க்கிறார், பெயர் சொல்கிறார், அடுத்த பக்கத்திற்குச் செல்கிறார். படத்தைக் காண்பதும் படத்தை வரைவதும் ஒரே பயனைத் தருவன என்னும் எண்ணம் பயிற்றுநூல் ஆக்கத்தில் வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதையும், வரைதல் மொழி கற்றலுக்குத் துணைசெய்யும் என்னும் கூற்று எந்த அளவிற்கு ஏற்கத்தக்கது என்பதையும், தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் நிலையைக் கருத்திற்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. 'எழுது' என்னும் வினை

தமிழில் எழுதுதல் என்னும் சொல் எழுத்துப் பொறித்தலை மட்டும் குறித்ததன்று. ஓவியம் எழுதுதல், கண்ணுக்கு மை எழுதுதல், தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதுதல் ஆகிய வழக்குகள் பழைய இலக்கியத்தில் பயில்கின்றன. கோடிழுக்கும் கையின் தொழில் என்ற அளவில் எழுத்தும் ஓவியமும் ஒரே வினைக்குள் அடங்கின.

பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தை 'எழுத்துநிலை மண்டபம்' என்று குறிப்பது இங்கு நோக்கத்தக்கது. அம்மண்டபத்திற்கு வந்தோர் ஓவியங்களைச் சுட்டி வினவுவதும், அறிந்தோர் இவர் இன்னார் என விளக்குவதும் அப்பாடலில் கூறப்படுகின்றன. படம் அங்கே பேச்சைப் பிறப்பிக்கும் இடமாக நிற்கிறது. பேச்சிற்கு மாற்றாக நிற்கவில்லை. இவ்வேறுபாடு பின்வரும் ஆய்வுக்கு அடிப்படையாகும்.

3. கோமேனியசின் படநூல்

மொழி கற்பிக்கும் படநூல்களுள் முன்னோடியாகக் கருதப்படுவது மொராவியக் கல்வியாளர் யோகான் ஆமோஸ் கோமேனியசு (1592-1670) இயற்றிய 'ஓர்பிஸ் சென்சுவாலியும் பிக்டுஸ்' என்னும் நூல். 1658இல் நியூரம்பர்க்கில் இலத்தீனும் செருமானியமும் இணைந்து வெளிவந்த இந்நூலில் 150 பாடங்கள் உள்ளன. ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் மரச்செதுக்குப் படம் ஒன்று அமைகிறது. படத்தின் உறுப்புகளுக்கு எண் இட்டு, கீழுள்ள தொடர்களில் அவ்வுறுப்பின் பெயர் வருமிடத்தில் அதே எண்ணைக் குறிப்பது நூலின் அமைப்பு. 1659இலேயே சார்லசு ஊல் இதனை ஆங்கிலத்தில் ஆக்கினார்.

சொல்லும் பொருளும் ஒருங்கே மனத்தில் பதிய வேண்டும் என்பது கோமேனியசின் கொள்கை. இக்கொள்கையே பிற்காலப் படநூல்கள் அனைத்திற்கும் ஊற்று எனலாம். ஆனால் அவர்தம் முன்னுரையில் மற்றொரு பரிந்துரையும் உண்டு. படங்களைப் பார்த்து வரைய மாணவரை விடுவதோடு நில்லாமல் ஊக்கவும் வேண்டும் என்கிறார். கவனம் பொருளின்மேல் கூர்மையடையும், உறுப்புகளுக்கிடையேயுள்ள அளவுப் பொருத்தம் புலனாகும், கை பழகும் என மூன்று பயன்களையும் சுட்டுகிறார். பின்வந்தோர் அவர் முறையின் முற்பாதியை ஏற்றுப் பிற்பாதியைக் கைவிட்டனர். அச்சுத்தொழில் வளர வளரப் படம் பெருகியது; வரையும் கை குறைந்தது.

கோமேனியசின் நூலில் குறையும் உண்டு. மரம், பறவை, பட்டறை, சமையலறை ஆகியவற்றைக் காட்டும்போது தெளிவாக நிற்கும் படம், ஆன்மாவைக் காட்ட நேரும்போது புள்ளிகளால் ஆன மனித உருவாகிவிடுகிறது. அறப்பண்புகள் பெண்ணுருவங்களாகின்றன. அவ்வுருவங்களைப் புரிந்துகொள்ளப் படம் போதாது. முன்னரே மொழி தேவைப்படுகிறது. படவழிக் கற்றலின் எல்லை முதல் நூலிலேயே வெளிப்பட்டுவிட்டது.

4. இந்தியக் கல்விச் சிந்தனையில் வரைதல்

இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் இக்கருத்து வேறு வழியில் மீண்டும் எழுந்தது. காந்தியடிகள் 'சத்திய சோதனை'யில் தம் கையெழுத்தின் குறைபற்றிக் கூறுமிடத்தில், குழந்தைகள் எழுதக் கற்குமுன் வரையக் கற்க வேண்டும் என்கிறார். பூக்களையும் பறவைகளையும் கண்டறிவது போலவே எழுத்துகளையும் கண்டறிந்து, பொருள்களை வரையப் பழகிய பின்னரே எழுதத் தொடங்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்புகள் நடத்திய மரியா மாண்டிசோரியின் முறையிலும், உலோக வடிவங்களின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து உள்ளே கோடிட்டு நிரப்புவது எழுத்துக்கு முற்பயிற்சியாக அமைகிறது.

இரவீந்திரநாத் தாகூரின் 'சகஜ் பாட்' (1930) வங்க மொழிக்குரிய தொடக்கநூல். நந்தலால் போசு அதற்குப் படம் வரைந்தார். கறுப்பு வெள்ளையில் சில தடித்த வடிவங்களாலேயே ஊரும் உழைப்பும் புலனாகும்படி அமைந்தவை அப்படங்கள். வண்ணமும் நிழலும் செறிந்த இன்றைய பாடநூற் படத்தைக் கண்டு மாணவர் வியக்கலாம். தாமும் வரையலாம் என எண்ணுதல் அரிது. போசின் படம் கண்ட கையைத் தூண்டவல்லது. பயிற்றுநூற் படத்தின் தரத்தை அளக்க, மாணவர் அதனைத் தம் கையால் திரும்பக் கொண்டுவர இயலுமா என்பதையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பாடங்களோடு கலையை ஒருங்கிணைக்க வலியுறுத்துகிறது. ஆயினும் அச்சிட்ட புறக்கோட்டுக்குள் வண்ணம் தீட்டச் செய்வதே கலை ஒருங்கிணைப்பு எனக் கொள்ளப்படுமாயின் கோமேனியசின் பரிந்துரை இரண்டாம் முறையும் கைவிடப்பட்டதாகும். வண்ணம் தீட்டுபவர் எங்கே கோடு செல்ல வேண்டும் எனத் தீர்மானிப்பதில்லை.

5. ஆய்வுகள் காட்டுவதும் காட்டாததும்

சொல்வடிவிலும் உருவடிவிலும் பதிந்த செய்தி, ஒரு வடிவில் மட்டும் பதிந்ததைவிட எளிதில் நினைவுக்கு வரும் என்னும் கோட்பாட்டை ஆலன் பைவியோ 1971இல் விரிவாக நிறுவினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வாம்சு, மீடு, பெர்னாண்டசு ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு அடுத்த நிலைக்குச் சென்றது. ஏழு சோதனைகளில், ஒரு சொல்லை எழுதிப் பார்த்தவரைவிட அச்சொல் குறிக்கும் பொருளை வரைந்தவர் பின்னர் அதனை மிகுதியாக நினைவுகூர்ந்தனர். மனத்தில் உருவகித்தலோ ஆயத்தப் படத்தைப் பார்த்தலோ அதே பயனைத் தரவில்லை. வரைவதற்குரிய நேரம் குறைக்கப்பட்டபோதும் பயன் நீடித்தது. படம் அழகாக அமைந்ததா என்பதும் பொருட்டாகவில்லை.

இம்முடிவுகள் வரைதலை ஆதரிப்போர்க்கு ஊக்கமளிப்பன. எனினும் இரண்டு தடைகளை எழுப்ப வேண்டியுள்ளது.

முதலாவது, அச்சோதனைகளில் பங்கேற்றோர் நினைவில் வைத்தவை தமக்கு முன்னரே தெரிந்த சொற்கள். இரண்டாம் மொழி கற்பவரின் சிக்கல் வேறு. அவருக்குப் பொருள் தெரியும், ஒலிவடிவமே புதியது. மாம்பழத்தை வரையும் இந்தி மாணவர் மனத்தில் 'ஆம்' என்னும் தாய்மொழிச் சொல்லே ஒலித்துக்கொண்டிருப்பின், அவர் வரைந்த படம் தாய்மொழியையே மீண்டும் உறுதிப்படுத்தும். ஆகவே புதுச்சொல்லை ஒலித்தல் கோட்டிற்கு முன்னும் உடனும் பின்னும் நிகழ வேண்டும். ஒலியற்ற வரைதல் ஓவிய வகுப்பாகுமேயன்றி மொழி வகுப்பாகாது.

இரண்டாவது, படத்தின் தரம் பொருட்டன்று எனில், நினைவுக்கு உதவுவது வரைதல் என்னும் செயலே. வரையக் கற்றல் என்னும் கலைப்பயிற்சி அன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது இத்துறையில் காணப்படும் பெருங்குழப்பம். கலைப்பயிற்சியின் தனிப்பயன் நினைவாற்றலில் இல்லை. ஒத்தவற்றுள் வேற்றுமை காணும் கூர்நோக்கில்தான் அது உள்ளது. அப்பயன் வெளிப்படுமிடங்களைத் தமிழிலிருந்தே காட்டலாம்.

6. தமிழ் கற்பித்தலில் பயன்படும் இடங்கள்

மைசூரில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அதன் மண்டல மையங்களும் பிறமொழி ஆசிரியர்க்கு இந்திய மொழிகளைப் பயிற்றுவித்த பணியால், வயதுவந்தோர்க்குரிய இரண்டாம் மொழிக் கல்வி தனித்துறையாக வளர்ந்தது. அத்தகைய மாணவரை மனத்திற்கொண்டே பின்வருவன கூறப்படுகின்றன.

அ) எழுத்து: தேவநாகரியின் தலைக்கோட்டிற்குப் பழகிய கண், தமிழின் சுழிகளை எளிதில் தவறவிடுகிறது. இரண்டு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் அதற்கு ஒன்றாகவே தோன்றும். பிரான்சில் 2005இல் வெளிவந்த இலாங்காம்பு குழுவினரின் ஆய்வில், எழுத்துகளைக் கையால் எழுதிக் கற்ற சிறார், அவருள்ளும் வயதில் மூத்தோர், விசைப்பலகையில் தட்டிக் கற்றோரைவிட அவற்றை நன்கு இனங்கண்டனர். கோடு எங்கே தொடங்கி எப்பக்கம் வளைந்து எங்கே முடிகிறது என்பதைக் கை அறிந்தால் கண்ணும் அறிகிறது. ட, ப, ம, ய என வடிவ ஒப்புமையால் எழுத்துகளை வரிசைப்படுத்துவது இதனால் பயனுடையது. எழுத்தையே யானையாகவும் நாற்காலியாகவும் உருமாற்றிக் காட்டும் உத்தி முதல்நாள் உதவலாம். நீடித்தால் வாசிப்பு வேகத்திற்கு இடையூறாகும்.

ஆ) சொற்பொருள்: இந்திப் பேச்சுவழக்கில் 'சாவல்' என்னும் சொல் அரிசிக்கும் சோற்றுக்கும் பொதுவாக வழங்குகிறது. தமிழில் நெல், அரிசி, சோறு என மூன்று. மொழிபெயர்ப்புப் பட்டியல் இவ்வேறுபாட்டை மறைக்கும். மூன்றையும் தனித்தனியே வரையப் பணிக்கப்பட்டவர், உமியோடு கூடியது எது, கலத்தில் ஆவி எழ இருப்பது எது எனத் தீர்மானித்தே ஆக வேண்டும்.

இ) இலக்கணம்: ஒருவர் சொல்ல மற்றொருவர் வரையும் பயிற்சியின் பெரும்பயன் இங்கே உள்ளது. 'மேசை மேல் விளக்கு' என்பதற்கும் 'மேசைக்கு மேலே விளக்கு' என்பதற்கும் படம் வேறு; முன்னதில் விளக்கு மேசையைத் தொடுகிறது, பின்னதில் தொங்குகிறது. 'குருவி மரத்துக்குப் பறந்தது', 'மரத்திலிருந்து பறந்தது' ஆகியவற்றிலும் உருபு மாறப் படம் மாறும். உருபைக் கவனியாதவர் படம் தவறாக அமையும். தவறும் ஆசிரியர் சொல்லாமலே கண்ணுக்குத் தெரியும்.

நாம், நாங்கள் என்னும் வேறுபாடு இன்னும் சிறந்த சான்று. இந்தி, வங்காளம், இன்றைய கன்னடம் ஆகியவற்றில் இவ்வேறுபாடு இல்லை. மராத்தியிலும் குசராத்தியிலும் உண்டு. பேசுவோனையும் கேட்போனையும் வரைந்து, கேட்போன் உள்ளடங்க ஒரு வட்டமும் அவன் வெளியே நிற்க ஒரு வட்டமும் இடச்செய்தால், நீண்ட விளக்கம் தேவைப்படாமலே பொருள் விளங்கும்.

7. வரைய இயலாதவை

மொழியின் பெரும்பகுதி வரையப்படக் கூடியதன்று. 'வருகிறார்கள்' என்னும் எழுத்துவழக்கிற்கும் 'வர்றாங்க' என்னும் பேச்சுவழக்கிற்கும் படம் ஒன்றே. இரட்டை வழக்கு தமிழ் கற்போரின் தலையாய இடர்ப்பாடாயிருக்க, அதில் வரைதல் சிறிதும் கைகொடாது. 'அவனா வந்தான்', 'அவன்தான் வந்தான்', 'அவனே வந்தான்' ஆகியவற்றின் இடைச்சொற்பொருளுக்கும் கோடில்லை. வந்தான், வந்தார் என்னும் மதிப்பு வேறுபாட்டை, பேசுவோர்க்கிடையேயுள்ள உறவையும் சேர்த்து வரைந்தாலன்றிக் காட்டவியலாது. அப்போதும் ஊர்வழக்கு அறிந்தவரின் சொல் வேண்டும். ழகரத்தின் ஒலியை எந்த ஓவியமும் நாவிற்குத் தராது.

நேரம் பற்றிய தடையும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரு பாடவேளையின் பாதி மௌனமாக வரைவதில் கழியுமானால் மொழிக்குக் கிடைக்கும் பயிற்சி குறையும். தமக்கு வரையத் தெரியாது எனக் கூசும் வயதுவந்த மாணவரும் உளர். சில கோடுகளில் முடியும் குறிப்புப் படமே போதும் என்பதைத் தொடக்கத்திலேயே உணர்த்துவது இவ்விரண்டிற்கும் தீர்வாகும்.

8. முடிவுரை

வரையக் கற்பவர் புதுமொழியையும் எளிதில் கற்பார் என்னும் பொதுக்கூற்று இப்போதைய சான்றுகளால் நிறுவப்படவில்லை. பருப்பொருட் சொற்களை நினைவில் நிறுத்துதல், புது எழுத்துவடிவைப் பிரித்தறிதல், இடப்பொருளும் எண்ணமும் இயங்கும் இலக்கண வேறுபாடுகளை உணர்தல் ஆகிய மூன்றிடங்களில் அது உண்மையாகிறது. பிற இடங்களில் சொல்லே சொல்லைக் கற்பிக்க வேண்டும்.

ஆயினும் இம்மூன்றும் தொடக்கநிலை மாணவர் மொழியைக் கைவிடுவதா தொடர்வதா எனத் தயங்கும் இடங்களாதலின், அவற்றைச் சிறியன என ஒதுக்கலாகாது. பயிற்றுநூல் ஆக்குவோர் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு படத்தைக் குறைத்து, அவ்விடத்தில் வெற்றுக்கட்டம் ஒன்றை விடுவார்களாயின் செலவு மிகாது. அக்கட்டத்தை நிரப்புமுன் மாணவர் தமிழ்த்தொடர் ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும், நிரப்பியபின் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்னும் விதி மட்டும் உடனிருத்தல் இன்றியமையாதது.