வினாத்தாள் நடத்தும் வகுப்பு

பத்தாண்டுகளுக்கு முன்பு வரை, பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்ற ஊர்ப்பெயர்கள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இருக்கும். 2007இல் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு ஒழிந்தபின், மருத்துவ இடத்தையும் பொறியியல் இடத்தையும் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே தீர்மானித்தது. அந்த மதிப்பெண்ணை வாங்கித் தரும் வித்தையை இந்தப் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகள் கற்று வைத்திருந்தன. 2017இல் நீட் வந்தது. மாநில ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது. பின்னர் 1200 மதிப்பெண் 600 ஆகக் குறைந்தது. முதல் பக்கப் படங்கள் நின்றுபோயின. அந்தக் கற்பித்தல் முறை நிற்கவில்லை. சேலம் நாமக்கல் வட்டாரத்தின் கல்லூரி வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால் அது அங்கே சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்.

பள்ளியில் ப்ளூ பிரிண்ட் என்றார்கள்: எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்ற வரைபடம். கல்லூரியில் அது ஐந்து யூனிட்டாகவும், ‘டூ மார்க்ஸ் வித் ஆன்சர்’ தொகுப்பாகவும் மாறியது. மூல நூலை எடுப்பவர் குறைவு. லோக்கல் ஆத்தர் புத்தகத்தில் பாடமே விடை வடிவில் அச்சாகி வருகிறது. அரியர் வைத்தவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு, விடுதியில் ஸ்டடி ஹவர், செமஸ்டருக்கு முன் மாடல் தேர்வு. ஒரே அறக்கட்டளை பள்ளியும் கல்லூரியும் நடத்துவது இங்கே சகஜம் என்பதால் இந்த முறை ஒரு வளாகத்திலிருந்து பக்கத்து வளாகத்துக்கு எளிதாக நடந்து வந்துவிட்டது.

இதை ‘பிராய்லர் கல்வி’ என்று கேலி செய்வது நகரத்து வழக்கம். நாமக்கல் முட்டைக்கோழி ஊர், பிராய்லர் பல்லடம் பக்கம் என்பதுகூடக் கேலி செய்பவர்களுக்குத் தெரிவதில்லை. கேலிக்கு முன்னால் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுபவரின் மகள், லாரி டிரைவரின் மகன், கொல்லிமலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளை என வீட்டில் முதலாவதாகக் கல்லூரி வாசல் மிதிப்பவர்கள் இங்கே ஏராளம். வீட்டில் யாராவது சொல்லித் தருவார்கள் என்று இந்த முறை ஒருபோதும் எதிர்பார்ப்பதில்லை. ஒருநாள் வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்குப் போன் போகிறது. தேர்வு வைத்துத் திருத்தி மறுநாளே தாளைக் கையில் கொடுக்கிறார்கள். பெரிய பெயருள்ள பல கல்லூரிகளில் செமஸ்டர் முடியும்வரை தான் எங்கே நிற்கிறோம் என்றே மாணவருக்குத் தெரியாது.

அடிக்கடி தேர்வு வைப்பதற்கு அறிவியல் ஆதரவும் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. நாமக்கல் வாத்தியார்கள் ஆய்வு எதுவும் படிக்காமலே இதைக் கண்டுபிடித்துச் செய்து வந்தார்கள்.

ஆகவே கோளாறு தேர்வின் எண்ணிக்கையில் இல்லை. கேட்கும் கேள்வியில் இருக்கிறது. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. பொதுத்தேர்வில் கேட்கப்படாத பாடம் வகுப்பில் இல்லை. அப்படி வந்தவர்கள் பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத்தில் தடுமாறினார்கள். இதைத் தடுக்கத்தான் 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, மாணவர்மேல் விழும் சுமையைக் காரணம் காட்டி அதைக் கைவிடச் சொன்னது. இரண்டு முடிவுக்கும் காரணம் உண்டு. இரண்டுமே ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்றுதான்: வினாத்தாள் எப்படியோ வகுப்பு அப்படி.

இந்த உண்மையை உயர்கல்வியின் சீர்திருத்தங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. செமஸ்டர், கிரெடிட், ஸ்மார்ட் போர்டு, ஸ்வயம் இணையவழிப் பாடங்கள் என்று வரிசையாக வந்தன. இப்போது வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே2, கே3 என்று குறிக்கிறார்கள். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் புளூம் 1956இல் வகுத்த அறிவுப் படிநிலைகளின் வழித்தோன்றல் அது. ‘பட்டியலிடுக’ என்ற இடத்தில் ‘பகுத்தாய்க’ என்று போட்டாயிற்று. அடுத்த செமஸ்டருக்குள் பகுத்தாய்வும் கைடில் அச்சாகிறது. மாணவர் பகுத்தாய்வை மனப்பாடம் செய்கிறார். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்த திறன்களை உள்ளே கொண்டுவந்தது. கிராமத்துக் கலைக் கல்லூரிக்கு அது நிஜமான வரவு. ஆனால் பல இடங்களில் அதுவும் கையில் வாங்க வேண்டிய இன்னொரு சான்றிதழாகச் சுருங்குகிறது.

1978இல் தமிழகத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு கல்லூரியை விட்டுப் பள்ளிக்குப் போய் பிளஸ் டூ ஆனது. சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தது. முதலாவது மதிப்பெண் ஓட்டத்துக்குக் களம் போட்டது. இரண்டாவது, வினாத்தாளைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமையைக் கல்லூரிக்குக் கொடுத்தது. இன்று சேலம் அரசு கலைக் கல்லூரி உட்பட இந்த வட்டாரத்தில் பல கல்லூரிகள் தன்னாட்சி பெற்றவை. அவற்றின் வினாத்தாளையும் பல்கலைக்கழக வினாத்தாளையும் அருகருகே வைத்தால் பெரும்பாலும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வேறு மாதிரி இங்கேயே இருக்கிறது. 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விடையை ஒப்பித்து மட்டும் தேறிவிட முடியாது. நோயுற்ற கோழி கைடைப் பார்த்து நோயுறுவதில்லை. மருத்துவப் படிப்புக்கு அது இயல்பு, பி.காம்.முக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நாமக்கல் மண்டல முட்டை விலையை முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த விலைத் தொடரை வைத்து ஒரு புள்ளியியல் தாளையே நடத்தலாம். 1981இல் தோன்றிய சேலம் சேகோசர்வ் ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவு அமைப்பு. விலை பேசுவது, கிடங்கு, கடன் எல்லாம் அங்கே கண்முன் நடக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போர் போடுகின்றன. அந்த ஊர் வணிகவியல் தேர்வில் ரிக் தொழிலின் கணக்கு ஏன் ஒரு கேள்வியாக வருவதில்லை? அப்படிப்பட்ட கேள்விக்குக் கைடு அச்சடிக்க முடியாது, எண்கள் மாறிக்கொண்டே இருப்பதால்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் வீட்டிலிருந்து எழுதி வரும் அசைன்மென்ட் செத்துப்போனது. அதற்கு முன்பும் அது ஒருவர் எழுதி மற்றவர் பார்த்து எழுதியதுதான் என்பதால் பெரிதாக அழ வேண்டியதில்லை. பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளில் பெரும்பாலான தாள்களுக்கு 75 மதிப்பெண் செமஸ்டர் தேர்வுக்கு, 25 உள்மதிப்பீட்டுக்கு. அந்த 75ஐ ஒரு ஆசிரியர் தொட முடியாது. 25இன் ஒரு பங்கையாவது நேருக்கு நேர் கேள்வி கேட்டுப் போடலாம்: “நீ எழுதியதில் இந்த எண் எங்கிருந்து வந்தது, முட்டை விலை பத்துக் காசு இறங்கினால் இந்தக் கணக்கு என்ன ஆகும்?” 60 பேர் வகுப்பில் தலைக்குப் பத்து நிமிடம் என்றால் 10 மணி நேரம். அசைன்மென்ட் கட்டைத் திருத்துவதாகப் பேர்பண்ணும் நேரத்தோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகிற செலவுதான்.

கட்டுப்படியாகாதது வேறு இடத்தில் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் பல வகுப்புகளை எடுப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாதவர்கள். தனியார் கல்லூரியில் தேர்ச்சி விகிதம் குறைந்தால் முதலில் விளக்கம் கேட்கப்படுவது ஆசிரியரிடம். இந்த நிலையில் கைடில் இல்லாத கேள்வியைக் கேட்டு, பாதி வகுப்புக்குக் குறைந்த மதிப்பெண் போடுகிற துணிச்சலை அவர்களிடம் எதிர்பார்ப்பது நிர்வாகத்துக்குச் சுலபம். ஒரு புதிய வகைக் கேள்வித்தாளுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் தேர்ச்சி விகிதம் விழும் என்பதை எழுத்தில் ஏற்றுக்கொண்டு ஆசிரியருக்குப் பாதுகாப்புத் தர, தன்னாட்சி பெற்ற கல்லூரிகளின் கல்விக்குழு முன்வருமா என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது.