கடன் வாங்கிய குரல்

ஓர் அரசியல் இயக்கத்தை மதிப்பிடப் புகுவோர் அதன் கொள்கையை ஆராய்வர். தலைவர்களின் தியாகத்தை எடையிடுவர். சிறை சென்ற நாள்களைக் கணக்கிடுவர். அவ்வியக்கம் யாருடைய ஏட்டில் பேசியது, யாருடைய அச்சகத்தில் அச்சேறியது, யார் தந்த காசில் உயிர் வாழ்ந்தது என்னும் கேள்விகளை எழுப்புவோர் மிகச் சிலரே. வடசென்னையின் சமதர்ம இயக்க வரலாற்றைப் படிக்குந்தோறும் இக்கேள்விகளே நம் உள்ளத்தில் முன் வந்து நிற்கின்றன. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் இந்தக் கடலோரத்தில் துறைமுகமும் ஆலைகளும் இருந்தன, உழைப்பாளர் இருந்தனர், வலிமை மிக்க சங்கங்களும் இருந்தன. எந்தக் கட்சியையும் சாராத ஒரு சமதர்ம அரசியல் மட்டும் ஏன் இங்கே வேர் கொள்ளவில்லை? விடையின் ஒரு பகுதி ஏட்டில் இருக்கிறது என்பது நமது கருத்து.

தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் துயரைக் கண்டு செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் முயன்றனர், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். வாடியா அன்னி பெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ என்னும் ஆங்கில நாளேட்டில் பணியாற்றியவர். திரு.வி.க. ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்தவர். 1920இல் ‘நவசக்தி’யைத் தொடங்கியவர். தொழிலாளியின் குறைகள் நாட்டுக்குத் தெரிந்ததற்கு இவ்வேடுகளே காரணம். ஆயினும் அவை சுயாட்சிக் கிளர்ச்சிக்கும் தேசிய அரசியலுக்குமாகப் பிறந்த ஏடுகள். அவற்றில் தொழிலாளி விருந்தினன், வீட்டுக்காரன் அல்லன். விருந்தினனுக்கு மரியாதை உண்டு. எந்த அறையில் அமர்வது என்று முடிவு செய்யும் உரிமை இல்லை.

இதன் விலையை 1921 காட்டியது. அவ்வாண்டின் நெடிய வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம் தொழிலாளரும் ஆலைக்கு வெளியே நின்றனர். ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. ஒரே தறிக்கூடத்தில் நின்ற கைகள் ஒன்றையொன்று அடித்தன. இந்நிகழ்ச்சியை நிருவாகத்தின் சூழ்ச்சி என்று மட்டும் எழுதி முடிப்பது எளிது. சூழ்ச்சி இருந்திருக்கலாம்; ஆனால் சூழ்ச்சி பிடித்துக்கொள்வதற்கு ஒரு விரிசல் வேண்டும். சேரியில் வாழ்ந்தவனுக்குச் சங்கம் தன்னுடையது என்னும் உணர்வு ஏன் உண்டாகவில்லை? எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் அவர்கள் சார்பில் பேசியவற்றைச் சங்கத்தின் மேடை ஏன் காது கொடுத்துக் கேட்கவில்லை? நம் சமுதாயத்தாரும் அம்மோதலில் ஒரு பக்கம் நின்றவர்கள் என்பதால், இக்கேள்வியை மற்றவர்மேல் தள்ளிவிட்டு நாம் நகர்ந்துவிட இயலாது. ஓர் ஏடு இருந்திருந்தால் கலவரமே நேர்ந்திராது என்று நாம் வாதிடவில்லை. ஆனால் மூன்று பிரிவினரும் எழுதவும் ஏசவும் விடை பெறவும் ஒரு பொதுத் தாள் இல்லாத இடத்தில் வதந்தியே ஏடாகிறது என்பதில் ஐயமில்லை.

இக்குறையை முதலில் உணர்ந்தவர் சிங்காரவேலர். 1860இல் பிறந்த இவ்வழக்கறிஞர், 1923 மே முதல் நாள் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தி, இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியை அறிவித்தார். அதே ஆண்டில் தமிழில் ‘தொழிலாளன்’ என்னும் ஏட்டையும், ஆங்கிலத்தில் ‘லேபர் கிஸான் கெஜட்’ என்னும் ஏட்டையும் தொடங்கினார். கட்சியும் ஏடும் ஒரே மூச்சில் பிறந்தமை நோக்கத்தக்கது. ஏட்டின் பெயரிலேயே அதன் உரிமையாளன் யார் என்பதை அவர் எழுதி வைத்தார். அவரது தீர்க்க தரிசனத்தை இதனினும் சிறப்பாகக் காட்டும் செயல் வேறில்லை.

எனினும் திறனாய்வு புகழுரையோடு நிற்றல் ஆகாது. அவரது கட்சி காங்கிரசுக்குள்ளேயே இயங்க எண்ணியது. ஏடுகளோ பெரிதும் அவர் ஒருவரது அறிவையும் கைப்பொருளையும் நம்பி நின்றன. 1924இல் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நலக் குறைவால் அவர் விசாரணைக் கூண்டில் நிற்கவில்லையாயினும், ஏடுகள் நிலைக்கவில்லை. ஒருவரைக் கைது செய்தால் ஓர் ஏடு நின்றுவிடுமாயின், அது அவருடைய ஏடேயன்றி இயக்கத்தின் ஏடன்று. முஸ்லிம் வாசகர்க்கு இவ்வுண்மை புதிதன்று. மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1912இல் கல்கத்தாவில் தொடங்கிய ‘அல் ஹிலால்’ பல்லாயிரம் உள்ளங்களைத் தட்டியெழுப்பியது. 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்தின்கீழ்ப் பிணைத்தொகை பறிக்கப்பட்டதும் 1914இல் அது மூச்சடங்கியது. எழுத்தின் வலிமை வேறு; ஏட்டின் வலிமை வேறு. முன்னது ஆசிரியரிடமிருந்து வருவது. பின்னது சந்தாதாரரிடமிருந்து வருவது.

1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குச் சிங்காரவேலர் தலைமை தாங்கினார். வரவேற்புக் குழுத் தலைவர் மௌலானா ஹஸ்ரத் மோஹானி. தமது ‘உர்தூ-எ-முஅல்லா’ ஏட்டில் வெளியான ஒரு கட்டுரைக்காக, எழுதியவர் பெயரை வெளியிட மறுத்து 1908இல் சிறை புகுந்தவர் அவர். 1921இல் அகமதாபாத் காங்கிரசில் முழு விடுதலை கோரித் தீர்மானம் கொண்டு வந்தவரும் அவரே. தொழுகையை விடாத ஒரு மௌலானாவும், மதங்களைக் கடுமையாக விமர்சித்த ஒரு சென்னை வழக்கறிஞரும் ஒரே மேடையில் அமர்ந்தனர். அம்மாநாட்டிலேயே ஒரு பிணக்கும் எழுந்தது. மாநாட்டைக் கூட்டிய சத்யபக்தர், கட்சி வெளிநாட்டுத் தலைமைக்குக் கட்டுப்படாமல் சுதந்திரமாக இயங்க வேண்டும் என்றார். பிறர் உடன்படாமையால் விலகிச் சென்றார். யாரையும் சாராமல் நிற்பதா, பெரியதோர் அமைப்பின் நிழலில் நிற்பதா என்னும் வழக்கு, இந்நாட்டுச் சமதர்ம இயக்கத்தின் தொட்டிலிலேயே தொடங்கிவிட்டது.

அவ்வழக்கின் கடினமான அத்தியாயம் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. 1928 தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தில் தண்டிக்கப்பட்டு 1930இல் விடுதலையான சிங்காரவேலர், பெரியாரின் ‘குடி அரசு’ ஏட்டில் எழுதலானார். அவ்வேடு 1931இலேயே கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கத்தை வெளியிட்டிருந்தது. சோவியத் நாட்டைப் பார்த்துத் திரும்பிய பெரியாரும் சிங்காரவேலரும் ஜீவாவும் பிறரும் 1932 டிசம்பரில் ஈரோட்டில் சமதர்மத் திட்டத்தை வகுத்தனர். அறிவியலையும் பொருளியலையும் எளிய தமிழில் சொல்ல முடியும் என்று சிங்காரவேலரின் கட்டுரைகள் மெய்ப்பித்தன. பின்னர் வந்தது சோதனை. 1933இல் ஒரு தலையங்கத்துக்காகப் பெரியாரும் கண்ணம்மையாரும் சிறைப்பட்டனர். 1934இல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. 1935இல் பெரியார் சமதர்மப் பிரசாரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சமூக சீர்திருத்தத்தைக் காப்பதென்று முடிவு செய்தார்.

இம்முடிவைக் கோழைத்தனம் என்று சாடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தாம் வளர்த்த இயக்கமும் ஏடும் அழிந்துவிடக் கூடாதென ஒரு தலைவர் எண்ணுவது அவர் உரிமை. குறை வேறிடத்தில் இருக்கிறது. சமதர்மவாதிகள் தம் கருத்தை விதைத்தது பிறர் நிலத்தில். நிலத்துக்குரியவர் பயிரை மாற்ற முடிவு செய்தபோது அவர்களுக்கு வரப்பில்கூட இடமில்லாமல் போயிற்று. எழுபத்தைந்து வயதில் சிங்காரவேலர் ‘புது உலகம்’ என்னும் தனி ஏட்டைத் தொடங்கினார். 1923இல் கையிலிருந்ததை 1935இல் மீண்டும் முதலிலிருந்து தேட நேர்ந்ததே அவலம். ஜீவாவும் தோழர்களும் 1937இல் ‘ஜனசக்தி’யைக் கண்டனர்; அது நீடித்தது. ஆனால் அது ஒரு கட்சியின் ஏடு. கட்சியின் நிலை மாறினால் அதன் நிலையும் மாறும். கட்சி சாராத தொழிலாளி அங்கும் விருந்தினனே.

இனி வடசென்னைக்கே வருவோம். யாழ்ப்பாணத்தவரான எஸ்.சி.சி. அந்தோணி பிள்ளை, லங்கா சமசமாஜக் கட்சியில் பயின்றவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியா வந்தவர். 1946இல் சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவரானார். 1947இல் பின்னி ஆலைகளின் மாபெரும் வேலைநிறுத்தத்தை நடத்திச் சிறைப்பட்டார். துறைமுகத் தொழிலாளரின் தலைவராகவும் ஓங்கினார். 1957இல் வடசென்னை மக்கள் அவரைச் சுயேச்சையாகவே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். கட்சி சாராத சமதர்ம அரசியலுக்கு இப்பகுதி தந்த மிக உயர்ந்த மதிப்பெண் அதுவே. ஆனால் 1962இல் அத்தொகுதி காங்கிரசிடம் சென்றது, 1967இல் தி.மு.க.விடம் சென்றது.

ஏன்? விடை ராயபுரத்திலேயே கிடைக்கிறது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடைபெற்றது. அவ்வியக்கம் தொழிலாளியை ஆலை வாயிலில் மட்டும் சந்திக்கவில்லை. தெருமுனைப் படிப்பகத்தில் சந்தித்தது. முடிதிருத்தும் கடைப் பலகையில் கிடந்த ‘திராவிட நாடு’, ‘முரசொலி’ ஏடுகளில் சந்தித்தது. நாடகக் கொட்டகையிலும் திரையரங்கிலும் சந்தித்தது. எழுத்தறியாதவனுக்கு எழுத்தறிந்தவன் படித்துக் காட்டினான். சங்கமோ கூலியையும் போனசையும் பேசிவிட்டு மாலையில் கதவைச் சாத்தியது. கூலிக்கு ஒரு சங்கம், வாக்குக்கு வேறொரு கட்சி என்று வடசென்னைத் தொழிலாளி இரண்டாகப் பிரிந்தான். அவன் மூளை மழுங்கியதால் அன்று. அவனது மாலை நேரத்தை மதித்தவர்களிடம் அவன் சென்றான் என்பதே உண்மை. சுயேச்சைச் சமதர்மவாதிகள் மீது நாம் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு இது: அவர்கள் தொழிலாளியின் எட்டு மணி நேர வேலையை அறிந்தனர், மிச்சமுள்ள பதினாறு மணி நேரத்தை அறியவில்லை.

சொந்த ஏடு இருந்தாலே போதுமா என்று வினவலாம். போதாது. இலண்டனில் 1911இல் அச்சுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத் தாளாகப் பிறந்த ‘டெய்லி ஹெரால்டு’, தொழிலாளரின் நாளேடாக வளர்ந்தது. நட்டம் தாங்காமல் அதன் பெரும்பங்கு ஒரு தனியார் பதிப்பகத்துக்குச் சென்றது. 1933இல் அதன் விற்பனை இருபது இலட்சத்தைத் தொட்டது. ஆனால் கடிவாளம் கைமாறிவிட்டது. 1964இல் அது ‘சன்’ என்று பெயர் மாறியது. 1969இல் ரூபர்ட் முர்டாக்கிடம் விற்கப்பட்டது. விற்பனை பெருகியும் ஏடு தொலைந்தது. ஆகவே எத்தனை பேர் வாங்குகின்றனர் என்பதினும், எத்தனை பேர் அதற்கு உரிமையாளர் என்பதே பெரிது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. நிரந்தரத் தொழிலாளி அருகி, ஒப்பந்தத் தொழிலாளி பெருகிவிட்டான்; பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவன் தமிழ் அறியாமல் அவன் பக்கத்தில் நிற்கிறான். எண்ணூர்க் கடலில் 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துள் புகுந்தது. அதே மாதம் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினர். ஒவ்வொரு முறையும் நகரத்தின் ஏடுகளும் தொலைக்காட்சிகளும் வந்தன. சில நாளில் திரும்பிச் சென்றன. மீனவரின் வாழ்வு, ஆலைத் தொழிலாளியின் வேலை, குழந்தையின் மூச்சு ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்து, வாரந்தோறும் எழுதும் தாள் எது? மீனவன் ஆலையை மூடு என்கிறான். தொழிலாளி என் சோற்றைப் பறிக்காதே என்கிறான். புளியந்தோப்பின் விரிசல் இங்கே வேறு உருவில் வாய் பிளந்து நிற்கிறது.

கைப்பேசி வந்துவிட்டது, இனி ஏடு எதற்கு என்போர்க்கும் ஒரு சொல். கைப்பேசியில் எழுதுவோன் எவனுடைய திண்ணையில் அமர்ந்து எழுதுகிறான்? திண்ணைக்காரன் விதியை மாற்றினால் ஒரே இரவில் அவன் குரல் ஓயும். ஈரோட்டில் திண்ணை தந்தவர் கொள்கை உடையவர். தம்மவரிடம் காரணமும் கூறினார். இன்றைய திண்ணைக்காரர் முகமே தெரியாதவர்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இதில் அக்கறை கொள்ள வேண்டிய காரணம் உண்டு. பா. தாவூத் ஷாவின் ‘தாருல் இஸ்லாம்’ முதற்கொண்டு நம் ஏடுகள் பல, ஒரு மனிதரின் உழைப்பில் எழுந்து அவர் தளர்ந்ததும் சாய்ந்தவை. புகழ்ந்து பேசினோம், சந்தா கட்டினோமா என்பதை ஒவ்வொரு வீடும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். துறைமுகத்திலும் ஆலைகளிலும் மீன்பிடித் துறையிலும் உழைக்கும் நம் பிள்ளைகளின் நியாயம், அவர்கள் அருகே நிற்கும் பிற சமயத்தார் நியாயத்தோடு ஒரே தாளில் அச்சேறும் நாளே அது வலுப்பெறும் நாள். அத்தாளைக் கட்சியும் தராது, வள்ளலும் தரமாட்டார். படிப்பவர் மாதந்தோறும் தரும் சிறு காசில்தான் அது நிற்கும். தன்னை நடத்துவோரையே குறை கூறும் கடிதத்தை முதற்பக்கத்தில் வெளியிடும் துணிவில்தான் அது வாழும். சிங்காரவேலர் 1923இல் அத்தாளுக்குப் பெயர் வைத்தார். அதை உடைமையாக்கிக்கொள்ளும் கடமை தொழிலாளிக்கு இன்னும் மிச்சமிருக்கிறது.