கைப்பணம் தீர்ந்த பிறகு

போன மாதம் ஒரு நாள் மாலை என் பழைய கல்லூரித் தோழன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். காப்பி வந்தது, குடித்தான். வெயிலைப் பற்றிப் பேசினான். விலைவாசியைப் பற்றிப் பேசினான். வந்த விஷயம் அதுவல்ல என்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் சொன்னான்:

"நீ கதை எழுதுகிறவன். ஒரு சினிமாப் படம் பார்த்தேன். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நீயும் பார்த்துவிட்டு, என் பெண்ணை அனுப்பலாமா, கூடாதா என்று சொல்லிவிடு."

எத்தனையோ புஸ்தகங்களைப் பற்றியும் சில படங்களைப் பற்றியும் அபிப்பிராயம் எழுதியிருக்கிறேன். என் அபிப்பிராயத்தை நம்பி யாரும் பெண்ணை ஊருக்கு அனுப்பவோ நிறுத்தவோ உத்தேசித்ததில்லை. விமரிசகனுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வேண்டாம்.

சங்கதி இதுதான். அவன் பெண்ணும் அவளுடைய கல்லூரிச் சிநேகிதியும் ஓராண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள். படிக்க அல்ல, நிலையான உத்தியோகத்துக்கும் அல்ல. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது, கைப்பணம் குறைந்தால் நின்ற ஊரில் கிடைத்த வேலையைச் செய்வது, பணம் சேர்ந்ததும் மறுபடி கிளம்புவது. இதற்கென்றே அந்த நாட்டில் விசா இருக்கிறது. பிரிட்டன், கனடா, அயர்லாந்து நாட்டு இளைஞர்களுக்காக 1975-இல் ஆரம்பித்த ஏற்பாடு. பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. 2024-இல் இதே மாதிரி ஒரு கதவை நமக்கும் திறந்தார்கள். 18 வயதிலிருந்து 30 வயது வரை உள்ளவர்கள், ஆண்டுக்கு 1000 பேர், அதுவும் சீட்டுக் குலுக்கி. இரண்டு சிநேகிதிகளின் பெயரும் அதிசயமாக விழுந்துவிட்டன. பெண்கள் குதிக்கிறார்கள், தகப்பன் படம் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

படத்தின் பெயர் 'தி ராயல் ஹோட்டல்'. 2023-இல் வந்தது. டைரக்டர் கிட்டி கிரீன் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி. நம் ஊரில் ஹோட்டல் என்றால் இட்லி, தோசை நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியக் கிராமப்புறத்தில் ஹோட்டல் என்றால் பெரும்பாலும் மதுக்கடை. மாடியில் தங்க நாலு அறை இருக்கும். படத்தில் வருவதும் அப்படிப்பட்ட ஒரு கடைதான். சுற்றிலும் வெட்டவெளி, சுரங்கத் தொழிலாளர்கள்தாம் வாடிக்கைக்காரர்கள்.

ஹன்னா, லிவ் என்று இரண்டு சிநேகிதிகள். ஜூலியா கார்னரும் ஜெஸிகா ஹென்விக்கும் நடித்திருக்கிறார்கள். ஸிட்னியில் கூத்தும் கும்மாளமுமாக இருக்கும்போதே பணம் தீர்ந்துபோகிறது. வேலை தேடித் தரும் இடத்தில் போய் நிற்கிறார்கள். இந்தக் கடையில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலைதான் இருக்கிறது. ஆண்களின் பார்வையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அங்கேயே ஜாடையாகச் சொல்லிவிடுகிறார்கள். போகிறார்கள். முதலாளி குடிகாரர், கடன்காரர். வாடிக்கைக்காரர்களில் ஒருவன் சிரிக்க வைக்கிறான், ஒருவன் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறான், ஒருவன் மிரட்டுகிறான். ஹன்னா முதல் நாளே போய்விடலாம் என்கிறாள். லிவ் கொஞ்ச நாள் பொறு என்கிறாள். கதை இவ்வளவுதான்.

இது முழுக்கக் கற்பனையல்ல. 2016-இல் பீட் கிளீஸன் என்பவர் 'ஹோட்டல் கூல்கார்டி' என்று ஒரு செய்திப்படம் எடுத்தார். மேற்கு ஆஸ்திரேலியாவில், 1892-இல் தங்கம் கண்டெடுத்ததால் முளைத்த ஊர் கூல்கார்டி. வழியில் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு அங்கே மதுக்கடை வேலைக்கு வந்த இரண்டு பின்லாந்துப் பெண்களின் அநுபவத்தை அவருடைய காமிரா கூடவே இருந்து பார்த்தது. அந்தப் படத்திலிருந்துதான் கிட்டி கிரீனுக்குக் கதை பிறந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பயத்தை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய படம் சமீபத்தில் நான் பார்த்ததில்லை. வெகு நேரம் வரைக்கும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஒரு வார்த்தை, ஒரு சிரிப்பு, சாத்திய கதவுக்கு வெளியே காலடிச் சத்தம், அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துச் சொன்னால், 'இதற்கா பயந்தாய்?' என்று யாரும் கேட்பார்கள். எல்லாம் சேரும்போது மூச்சு முட்டுகிறது. அந்த ஆண்களையும் ராட்சஸர்களாக்கிவிடவில்லை. சிலரிடம் நல்ல குணம்கூட எட்டிப் பார்க்கிறது. அதனாலேயே பயம் அதிகமாகிறது. இதெல்லாம் தேர்ந்த கை செய்யும் வேலை.

ஆனால் குறை என்று எனக்குப் பட்டதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. குறை அந்த ஆண்களைக் காட்டியதில் இல்லை. லிவ் என்ற பெண்ணைக் காட்டியதில் இருக்கிறது.

இரண்டு சிநேகிதிகள் சேர்ந்து வெளியூர் போய், ஒரே அறையில் தங்கி, ஒரே முதலாளியிடம் வேலை செய்கிறார்கள் என்றால், கதை எங்கே இருக்கிறது? வெளியே இருக்கும் பாலைவனத்தில் இல்லை. மதுக்கடையிலும் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி அந்த அறைக்குள், இரண்டு கட்டில்களுக்கு நடுவே இருக்கிறது. ஒருத்திக்கு ஆபத்தாகத் தெரிவது மற்றவளுக்கு விளையாட்டாகத் தெரிகிறது. ஒருத்திக்குப் போதும் என்று தோன்றுகிற சமயத்தில் மற்றவளுக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டியிருக்கிறது. யார் சொல்வது சரி? இந்தக் கேள்வி கடைசி வரைக்கும் திறந்திருந்தால்தான் நாவல்.

படத்தில் அது சீக்கிரமே மூடிவிடுகிறது. ஹன்னா சொல்வதெல்லாம் சரி; லிவ் சொல்வதெல்லாம் தவறு. லிவ் குடிக்கிறாள், சிரிக்கிறாள், சமாதானம் சொல்கிறாள், ஆபத்தில் விழுகிறாள். அவள் ஏன் பொறு என்கிறாள் என்பதை டைரக்டர் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஒரு கட்சிக்காரருக்கு மட்டும் வக்கீல் வைத்து நடத்திய வழக்கு மாதிரி ஆகிவிட்டது.

லிவ்வின் பக்கம் வழக்கே இல்லையா? நிறைய இருக்கிறது. அந்த விசாவின் கதையே அவள் பக்கத்து வழக்கு. 2005-இல் ஒரு விதி வந்தது. முதல் ஆண்டில் பட்டணங்களை விட்டுத் தள்ளியுள்ள பிரதேசங்களில் மூன்று மாதம், அதாவது 88 நாள், குறிப்பிட்ட சில வேலைகளைச் செய்தால் இரண்டாம் ஆண்டும் தங்கலாம். பழம் பறிப்பது, சுரங்க வேலை, கட்டட வேலை, இந்த மாதிரி. செய்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அத்தாட்சி முதலாளியிடமிருந்து வர வேண்டும். இந்த ஏற்பாட்டில் எத்தனை நாவல் ஒளிந்திருக்கிறது, பாருங்கள்! எழுபதாவது நாள் முதலாளி கெட்டவன் என்று தெரிந்தால் என்ன செய்வது? இன்னும் 18 நாள்தானே என்று தோன்றாதா? தோட்டங்கள் பலவற்றில் வெகு காலம் நாள் கூலி இல்லை. பறித்த பழத்தின் கணக்குக்குத்தான் கூலி. எவ்வளவு குறைவாகப் பறித்தாலும் மணிக்கு இவ்வளவு கொடுத்தே தீர வேண்டும் என்ற உத்தரவாதம் 2022 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் கை பழகாத பையனும் பெண்ணும் நாள் முழுதும் வெயிலில் நின்று, தங்குமிடத்து வாடகைக்கே போதாமல் திரும்பிய கதைகள் உண்டு.

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று நம் கிழவிகள் கேட்பார்கள். சோறு தீர்ந்த இடத்தில்தான் பிரயாணம் உண்மையில் ஆரம்பிக்கிறது. அதுவரைக்கும் அது உல்லாசம். பணம் தீர்ந்த பிறகு, ஊர் பார்க்க வந்தவள் ஊருக்கு உழைக்கிறவளாகிறாள். அந்த மாறுதலை லிவ்வின் மூலமாகக் காட்டியிருக்கலாம். படத்தில் சம்பளப் பேச்சு வருகிறது, போகிறது; கதையின் முதுகெலும்பாக நிற்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஜார்ஜ் ஆர்வெல்லின் புஸ்தகம் ஞாபகம் வந்தது. 'டவுன் அண்ட் அவுட் இன் பாரிஸ் அண்ட் லண்டன்' என்று 1933-இல் வெளியானது. அதில் வரும் இளைஞன் பாரிஸில் தங்கியிருக்கும்போது பணம் திருட்டுப் போகிறது. போரிஸ் என்ற ருஷ்ய நண்பனைத் தேடிப் போகிறான். போரிஸும் பட்டினி. இருவரும் மேல்சட்டைகளை அடகு வைத்து, தெருத் தெருவாக வேலை தேடுகிறார்கள். முதலில் வேலை கிடைப்பது போரிஸுக்கு. ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து கொத்துக்கறி, பாலாடைக்கட்டி, ரொட்டி, ஓர் இனிப்புப் பண்டம் எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் திணித்துத் திருடிக்கொண்டு வருகிறான். பூங்காவில் உட்காரவைத்து நண்பனுக்குக் கொடுக்கிறான். எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிய அந்தப் பொட்டலத்தை நான் மறக்கவே மாட்டேன். சிநேகிதத்தைப் பற்றி ஆர்வெல் அங்கே உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. பொட்டலத்தைக் காட்டுகிறார், போதும்.

அதைவிட முக்கியமானது அடுத்து வரும் சண்டை. அதே ஹோட்டலில் இளைஞனுக்கும் பாத்திரம் தேய்க்கும் வேலை கிடைக்கிறது. ஒரு மாதத்துக்கு ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்கிறார்கள். பதினைந்து நாளில் வேறோர் இடத்தில் சேருவதாகச் சொல்லியிருக்கிறேன், வாக்குத் தவற மாட்டேன் என்று இவன் கௌரவமாக மறுத்துவிடுகிறான். போரிஸுக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டும்! பாத்திரம் தேய்க்கிறவனுக்கு இந்தக் கௌரவம் கட்டுப்படியாகுமா, உடனே போய் மாதம் முழுதும் இருக்கிறேன் என்று சொல் என்று விரட்டுகிறான். படிக்கிற நமக்கு இளைஞன் சொல்வதும் சரியாகப் படுகிறது. போரிஸ் சொல்வதும் சரியாகப் படுகிறது. பசி ஒரு பக்கம், நாணயம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே இரண்டு நண்பர்கள். ஹன்னாவுக்கும் லிவ்வுக்கும் நடுவே இப்படி ஒரு சண்டை நடந்திருந்தால்!

வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். 'ஆர்வெல்லுக்கு இருந்தது பசி ஒன்றுதான். அந்தப் பெண்களுக்குப் பசியோடு வேறொரு பயமும் இருந்தது. அவன் பூங்காவில் படுத்துத் தூங்கலாம். அவர்களுக்குக் கதவில் தாழ்ப்பாள் வேண்டும்' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டைரக்டர் பெண்மணியாக இருந்ததனால்தான் அந்தத் தாழ்ப்பாளின் அருமை படத்தில் தெரிகிறது. ஆனால் அதனாலேயே சம்பளம் இன்னும் முக்கியமாகிறது அல்லவா? கையில் பஸ் காசு இருப்பவளுக்குத் தாழ்ப்பாள் இல்லாத அறையை விட்டுப் போக முடியும். இல்லாதவள் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு விழித்திருக்க வேண்டியதுதான்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசியில் இருவரும் அந்த மதுக்கடைக்கு நெருப்பு வைத்துவிட்டு நடக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அப்போது திருப்தியாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. மறுநாள் காலையில் இல்லை. கதாசிரியனாக எனக்கு இந்தத் தந்திரம் தெரியும். முடிக்கத் தெரியாத அத்தியாயத்தில் நானும் புயல் வரவழைத்திருக்கிறேன், ரயிலைக் கவிழ்த்திருக்கிறேன். நெருப்பு அந்தப் பெண்களை விடுவிக்கவில்லை, கதாசிரியரை விடுவிக்கிறது. அடுத்த ஊரில் மறுபடி பணம் தீருமே, மறுபடி ஒருத்தி போகலாம் என்பாளே, மற்றவள் பொறு என்பாளே! அவர்களுக்குள் இருந்த வழக்கு எரியவில்லை, கட்டடம்தான் எரிந்தது.

இவ்வளவையும் யோசித்து வைத்துக்கொண்டு தோழன் வீட்டுக்குப் போனேன். இரண்டு பெண்களும் இருந்தார்கள். படம் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பார்த்தோம் மாமா. பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கச் சண்டை" என்றாள் தோழனின் பெண்.

"என்ன சண்டை?"

"நான்தான் ஹன்னா என்று இவள் சொல்கிறாள். நான்தான் ஹன்னா என்று நான் சொல்கிறேன்."

நான் பக்கம் பக்கமாக யோசித்ததை அந்தப் பெண் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். படத்தைப் பார்த்த யாருமே தன்னை லிவ் என்று நினைக்க மாட்டார்கள். யாரும் தன்னை அவளாகக் காண முடியாதபடி ஒரு பாத்திரத்தைப் படைத்துவிட்டால், அவளைக் கொண்டு யாரையும் எச்சரிக்க முடியாது. ஆனால் அசல் வாழ்க்கையில் ஒவ்வொருத்தியும் ஒரு நாள் லிவ்வாக இருக்கத்தான் போகிறாள். களைப்பினால், பிடிவாதத்தினால், வீட்டுக்குத் தோற்றுத் திரும்ப வெட்கப்பட்டு, இன்னும் ஒரு வாரம் என்று சொல்லத்தான் போகிறாள். அன்றைக்கு மற்றவள் ஹன்னாவாக இருக்க வேண்டும். இருவர் சேர்ந்து போவதன் பிரயோஜனமே அதுதான்.

இதை அவர்களிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். "ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கான பணத்தை இரண்டு பேரும் தனித்தனியாக ஒதுக்கி வையுங்கள். அதைத் தொடாதீர்கள். அது இருக்கிற வரைக்கும் நீங்கள் பிரயாணிகள். ஒருத்தி போகலாம் என்று சொன்னால், மற்றவள் காரணம் கேட்காமல் பெட்டியைக் கட்டிவிட வேண்டும். காரணத்தை அடுத்த ஊரில் கேட்டுக்கொள்ளலாம்."

"பெட்டி இல்லை மாமா, பை" என்று திருத்தினாள் சிநேகிதி.

தோழன் வாசல் வரைக்கும் கூட வந்தான். "அப்போது, அனுப்பலாம் என்கிறாய்?" என்றான்.

"படம் நல்ல படம்தான். பாதிதான் சொல்கிறது. மீதிப் பாதியை அவர்கள் போய்த் தெரிந்துகொள்ளட்டும்" என்றேன்.

அவனுக்கு இந்தப் பதில் திருப்தியளித்ததாகத் தெரியவில்லை. தகப்பனுக்குத் திருப்தியளிக்கிற விமரிசனத்தை இதுவரைக்கும் யாரும் எழுதியதில்லை. ஆனால் மறுவாரம் பெண்ணுக்குப் பை வாங்கக் கடைக்குப் போயிருந்தான். கனம் குறைவாக இருக்கிறதா என்று அவனே முதுகில் மாட்டிப் பார்த்தானாம்.