நீலத் தட்டில் மதுரை

‘காலனியப் பார்வை’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் மிச்சக் கட்டுரை தானே எழுதிக்கொள்ளும். இங்கிலாந்தின் நீல அச்சுத் தட்டுகளைப் பற்றி வரும் கட்டுரைகள் பலவும் அப்படித்தான் இருக்கின்றன. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல், மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த சூட்டோடு, இந்தப் பக்கம் வந்தார்கள். ராயக்கோட்டையை வரைந்து ‘பாராமகால்’ என்றும், ஓசூரை வரைந்து ‘மைசூர்’ என்றும் தலைப்பிட்டார்கள். ஜூஜுவாடி சோதனைச்சாவடியைத் தினமும் பைக்கில் தாண்டுகிறவனுக்கு எல்லைக்கோடு நகர்வது பெரிய ஆச்சரியமில்லை. 1795 முதல் 1808 வரை ‘ஓரியண்டல் சீனரி’ என்ற பெயரில் 144 படங்கள் வெளியாயின. பணக்காரர்களுக்கான சரக்கு.

அங்கிருந்து மண்பாண்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கேட்பதற்கு ஆளில்லை, 1842 காப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்த வேலை அடங்கியது. லிவர்பூலின் ஹெர்குலேனியம் ஆலை மதுரைக் கோட்டைக் காட்சியைப் பரிமாறும் தட்டில் ஏற்றியது. ராஜர்ஸ் ஆலை டெல்லியில் பெரோஸ் ஷா கோட்லா அருகிலுள்ள இடிபாட்டை எடுத்தது. அந்த வடிவத்துக்கு இன்று வழங்கும் பெயர் ‘மோனோப்டெரோஸ்’. கிரேக்கச் சொல்! ஸ்போட் இன்னும் ஒருபடி மேலே. அதன் இந்திய வேட்டை வரிசையில் சாப்பாட்டுத் தட்டின் படம் ‘கரடியின் மரணம்’. கறியைத் தின்று முடித்தால் அடியில் ஒரு கரடி செத்துக்கொண்டிருக்கும். நம்ம வாழையிலை எவ்வளவோ தேவலாம்.

இனி என் மறுபாதி. செம்புத்தகட்டில் செதுக்கிய படத்தில், எண்ணெயில் குழைத்த கோபால்ட் மையைச் சூடாகத் தேய்ப்பார்கள். மெல்லிய தாளில் அது அச்சாகும். தாளைப் பெண்களும் சிறுமிகளும் வெட்டி, ஒருமுறை சுட்ட பாண்டத்தின்மேல் ஒட்டி, விறைத்த பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பார்கள். பிறகு தண்ணீரில் தாள் போகும், நீலம் நிற்கும். மேலே பளபளப்புப் பூச்சு, மறுபடி சூளை.

இந்தச் சங்கிலியில் மதுரையைக் கண்ணால் பார்த்தவர்கள் டேனியல்கள் மட்டும்தான். செதுக்கியவர் பார்த்தது படத்தை. ஒட்டிய பெண் பார்த்தது தாளை. வாங்கியவருக்கு அது ஏதோ ஒரு கீழ்த்திசைக் கட்டடம். இதில் ‘பார்வை’ எங்கே இருக்கிறது? சாஃப்ட்வேர்க்காரனாக எனக்கு இது பழக்கமான விஷயம்: யாரோ எழுதிய கோடை யாரும் வாசிக்காமலே பத்து இடத்தில் ஒட்டுவோம், அதுவும் ஓடும். ஒரு ஊரைப் பார்க்காமலே அதைப் பண்டமாக்கி விற்க முடிந்ததுதான் இங்கே நடந்த அதிகாரம். பார்வை என்று சொன்னால் அதற்குக் கொஞ்சம் அக்கறையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

அந்தத் தட்டுகளில் ஒரு கை மட்டும் தெரியும். படம் நடுவில் கச்சிதமாக இருக்கும். விளிம்புப் பூவேலை நீளத் தாளாக வரும், தட்டைச் சுற்றிவந்து முடிகிற இடத்தில் பல சமயம் பொருந்தாது. பாதிப் பூ வெட்டுப்பட்டு நிற்கும். அருங்காட்சியகப் படங்களைப் பெரிதாக்கி நான் முதலில் தேடுவது அந்த ஒட்டைத்தான். மதுரையை அப்புறம் பார்ப்பேன்.